வேலையின் மிச்சம்

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் பெற்றோர் பேச்சில் ஒரு கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜூன் வரைக்கும் பிள்ளையை எப்படிச் சமாளிப்பது, அதுவும் கையைக் கடிக்காமல். பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ்களில் நீச்சல், அபாகஸ், கராத்தே, ரோபாட்டிக்ஸ் எல்லாம் இருக்கின்றன. பத்து நாளைக்கு 3,000 ரூபாய், 4,000 ரூபாய் என்கிறார்கள். அதற்கு வசதியில்லாதவர்களும், வசதியிருந்தும் மனம் ஒப்பாதவர்களும் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்கிறார்கள். மூன்றாம் வகுப்பு முடித்த பையன் வீட்டிலிருக்கும் எனக்கும் அந்த யோசனைகள் தேவைதான். ஆனால் சில வருடங்களாகவே இந்தக் கணக்கில் ஏதோ இடறுகிறது. செலவு குறைய வேண்டும் என்பது மட்டும்தான் நம் கவலை என்றால், இன்றைக்கு இருப்பதிலேயே மலிவான பொழுதுபோக்கு கைபேசி. ரீசார்ஜ் செய்தாகிவிட்டது. தினமும் இத்தனை ஜிபி வந்து விழுகிறது, நள்ளிரவுக்குள் தீர்க்காவிட்டால் போய்விடும். பிள்ளை கையில் கொடுத்தால் கூடுதலாக ஒரு ரூபாய் ஆகாது, வீடும் சத்தமில்லாமல் இருக்கும். சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவும் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகிவிடுகிறார்கள். இரண்டு பேருக்குமே அதைக் கொடுப்பதில் நிம்மதி இல்லை. அப்படியானால் நாம் தேடிக்கொண்டிருப்பது மலிவை இல்லை. வேறெதையோ தேடுகிறோம், அதைக் கேட்கத் தெரியாமல் செலவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் 'எங்க காலத்துல' என்ற இடத்துக்கு வந்துவிடும். கோலி, பம்பரம், கிட்டிப்புள், பாண்டி, பல்லாங்குழி, ஐந்தாங்கல், டயர் வண்டி, பூவரச இலைப் பீப்பி. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். காசே இல்லாமல் விளையாடினோம் என்பார்கள். அந்தப் பட்டியலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு கேள்வி வரும்: அந்தச் சாமான்களெல்லாம் எங்கேயிருந்து வந்தன? பம்பரத்தையும் கோலியையும் கடையில் வாங்கினோம், அதை விட்டுவிடலாம். மற்றவற்றைப் பார்த்தால், டயர் சைக்கிள் கடையில் கழித்துப் போட்டது. பேரிங் வண்டியின் சக்கரம் லாரிப் பட்டறையில் தேய்ந்து தூக்கிப்போட்டது. பொம்மைக்குக் கட்டிய சேலை தையல்காரர் கத்தரித்துத் தள்ளிய துண்டு. தச்சர் இழைப்புளியைத் தள்ளத் தள்ளச் சுருண்டு விழும் மரச்சீவல்தான் எங்களுக்கு வளையல், மீசை, ராஜாவின் முடி. ஒட்டாஞ்சில்லு உடைந்த ஓடு. சோடா மூடியும் சிகரெட் அட்டையும் பெட்டிக்கடை வாசலில் பெரியவர்கள் கீழே போட்டவை. குழந்தைகளுக்கென்று செய்யப்பட்ட பொருள் அந்தப் பட்டியலில் மிகக் குறைவு. பெரியவர்கள் தங்கள் பாட்டுக்கு ஒரு வேலையைச் செய்தார்கள், அந்த வேலை கொஞ்சம் மிச்சம் விட்டது, அதைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் மகிழ்விக்க முயலவில்லை.

பங்குனி மாதத்தில் என் அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் புளி உடைப்பார்கள். மூட்டையாக வந்திறங்கும் பழத்தைத் தட்டி ஓட்டை நீக்கி, நரம்பை உருவி, அரிவாள்மனையில் கீறிக் கொட்டையை எடுப்பது பெண்களின் வேலை. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். புளி ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று மூன்று குவியல் வளரும். கையெல்லாம் பிசுபிசுத்து, நகக்கண் கறுத்துவிடும். அந்தக் கொட்டைக் குவியல் எங்களுடையது. யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டால் ஏனென்று கேட்கவும் இல்லை. கழுவிக் காயவைத்தால் பல்லாங்குழியின் 14 குழிக்கும் ஆயிற்று. ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து வெள்ளை தெரியவைத்தால் தாயக்கட்டைக்குப் பதிலாகும். வெள்ளை எத்தனை மேலே விழுந்தது, கறுப்பு எத்தனை என்று எண்ணிக் காய் நகர்த்தலாம். தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அவனை அலறவைக்கலாம். அதற்குத்தான் அதிகம் தேய்த்தோம் என்றுகூடச் சொல்வேன். அம்மாச்சி தலையைத் தூக்காமலேயே "ஏய், கை பொத்துப்போயிரும்டா" என்பாள். அவள் எங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த இரண்டும் ஒன்றாக எப்படி இருந்தன என்று இப்போது அடிக்கடி யோசிக்கிறேன். நான் என் மகனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்ன செய்கிறான் என்பது பாதி நேரம் எனக்குத் தெரிவதில்லை.

வேலையின் மிச்சம் குழந்தைகளை ஈர்ப்பதை ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1928இல் வெளிவந்த 'ஒருவழிப் பாதை' நூலில் கவனித்து எழுதியிருக்கிறார். கண்ணெதிரே வேலை நடக்கும் இடங்களெல்லாம் குழந்தைகளைக் கட்டி இழுக்கின்றன. கட்டடம், தோட்டம், தையல், தச்சு என்று எங்கே கழிவு விழுகிறதோ அங்கே அவர்கள் போய் நிற்கிறார்கள். பெரியவர்களின் வேலையை அப்படியே போலச் செய்வது அவர்களின் நோக்கமில்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்களுக்கு இடையே புதிதாக ஓர் உறவை உண்டாக்குகிறார்கள் என்பது அவர் எண்ணம். அதற்குப் பதினைந்து வருடம் கழித்து, 1943இல், ஜெர்மனியின் பிடியிலிருந்த கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். சறுக்குமரம், ஊஞ்சல் எதுவும் முக்கியமில்லை. பலகை, செங்கல், மண், பழைய சாமான்கள், கூடவே கருவிகள். நிலவனப்புக் கலைஞர் சோரன்சனின் யோசனை அது. ஒழுங்காகக் கட்டிய திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் மனைகளில் குழந்தைகள் ஆசையாக விளையாடுவதை அவர் பார்த்திருந்தார். நம் ஊரில் அதற்கென்று திடல் வேண்டியிருந்ததில்லை, தெருவில் யாராவது வீடு கட்டினால் போதும். வாசலில் கொட்டிய ஆற்று மணல் மேஸ்திரிக்குப் பகலிலும் பிள்ளைகளுக்குச் சாயங்காலமும் சொந்தம். ஈர மணலுக்குள் காலை விட்டு, மேலே தட்டித் தட்டிக் கெட்டியாக்கி, மெல்ல உருவினால் வீடு. கையளவு கிளறினால் கிளிஞ்சல் அகப்படும். இன்று எங்கள் தெருவில் கொட்டிக் கிடப்பது எம்-சாண்ட். பாறையை உடைத்து அரைத்தது. மணி உருளாமல் முனையோடு இருக்கிறது, முட்டியை உரசினால் எரிகிறது, காற்றடித்தால் தூள் கண்ணில் விழுகிறது. ஆற்றைச் சுரண்டியது போதும் என்றுதான் அதற்கு மாறினோம், அது சரியான காரணம். ஆனாலும் அந்தக் குவியலில் ஏறிய வேகத்தில் இறங்கி வந்து, கையைத் தட்டிவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லும் பிள்ளையிடம் ஆற்றின் கதையைச் சொல்ல எனக்கு வரவில்லை.

நான் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்கு மெய்ப்பு பார்க்கிறேன். சில வருடம் முன்புவரை புரூஃப் தாளாகத்தான் வரும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. திருத்தி முடித்து, மாற்றங்கள் ஏறிவிட்டனவா என்று சரிபார்த்த பிறகு அந்தக் கட்டு வீட்டிலேயே கிடக்கும். என் மகன் அதில்தான் வளர்ந்தான். கப்பல், கத்திக்கப்பல், விசிறி, வெள்ளைப் பக்கத்தில் லாரி, லாரிக்குள் யானை. சிவப்பு மையை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். நீக்கச் சொல்லும் சுழியும் சேர்க்கச் சொல்லும் கூரைக் குறியும் எழுத்து தெரிவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் அவனுடைய தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் ஒற்றெழுத்து ஒவ்வொன்றையும் வட்டமிட்டு வைத்திருந்தான். எது சரி எது தப்பு என்பதெல்லாம் அவனுக்கு முக்கியமில்லை. அம்மா எதையோ வேட்டையாடுகிறாள், புள்ளி வைத்த எழுத்துகளிடம் போனால் அது கிடைக்கும் என்று கண்டுபிடித்திருந்தான். இப்போது எல்லாம் பிடிஎஃப். திரையில் குறிப்பு எழுதி, திரையிலேயே அனுப்பிவிடுகிறேன். வேலை சுத்தமாகிவிட்டது, மிச்சம் எதுவும் விழுவதில்லை. பையன் பக்கத்தில் வந்து நின்றால் அவனுக்குத் தெரிவது ஒளிரும் கண்ணாடியும் அதை உற்றுப் பார்க்கும் அம்மாவின் முகமும்தான். தபால் அனுப்புவது, கரண்டு பில் கட்டுவது, அவன் அப்பா ஆபீஸோடு பேசுவது, அரிசிக்கு ஆர்டர் சொல்வது எல்லாமே அந்தக் கண்ணாடிக்குள் போய்விட்டன. பிள்ளைகள் கைபேசிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று நாம் சொல்கிறோம். அவர்கள் எப்போதும் செய்ததைத்தான் செய்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். பெரியவர்களின் வேலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர்கள் கை நீளும். அன்றைக்கு அரிவாள்மனைக்கு நீண்டது, உளிக்கு நீண்டது. எடுக்கக்கூடாது என்று அடித்து விரட்டிவிட்டு, ஓரத்தில் கிடந்த சீவலைக் கொடுத்தார்கள். இன்றைக்குக் கொடுக்க ஓரத்தில் எதுவும் கிடக்கவில்லை, ஆகவே உளியையே கொடுத்துவிடுகிறோம்.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டி. டபிள்யு. வின்னிகாட் 1958இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தனியாக இருக்கும் திறன் குழந்தைக்கு எப்படி வருகிறது என்று கேட்டார். அவர் கண்ட விடை முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும். அம்மா கூட இருக்கும்போதுதான் குழந்தை தனியாக இருக்கக் கற்றுக்கொள்கிறது. அவள் அங்கே இருக்கிறாள், ஆனால் அதனிடம் எதையும் கேட்கவில்லை, அதுவும் அவளிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. அப்போது குழந்தைக்குத் தன் போக்கில் ஒரு விருப்பம் எழுகிறது. புளி உடைத்த திண்ணையில் நடந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. விடுமுறையில் அலுப்புத் தட்டுகிறது என்று பிள்ளை சொன்ன உடனே நாம் பதறி எழுந்து ஒரு வேலையைக் கையில் திணிக்கிறோம், வாட்டர் கலரோ வீடியோவோ. அலுப்பு கொஞ்ச நேரம் இருந்தால் அது எங்கேயாவது போய்ச் சேரும். ஆனால் அது போய்ச் சேர்வதற்கு வழியில் சில பொருள்கள் கிடக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் தன் வேலையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அலுப்பு வெறும் அலுப்பாகவே நின்றுவிடும். இரண்டாவதுதான் கடினம். பொருளைத் தேடிக் கொண்டுவந்துவிடலாம். அரவிந்த் குப்தா அதற்கு வழிகாட்டினார். கான்பூர் ஐஐடியில் படித்து டெல்கோவில் வேலை பார்த்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்துக்குப் போனார். வாரச் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அவற்றில் தீக்குச்சிகளைச் செருகி, முக்கோணம், சதுரம், கூண்டு, வீடு என்று கட்டிக் காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. பாலத்துக்கும் மின்கோபுரத்துக்கும் ஏன் அத்தனை முக்கோணம் என்பதைப் பிள்ளையின் விரலே தெரிந்துகொள்ளும். என் மகனோடு உட்கார்ந்து செய்தபோது, அவன் நாற்காலி செய்து அது தன் எடையிலேயே கோணிக்கொண்டு படுத்துவிட்டது. குறுக்கே ஒரு குச்சி வைத்தான், நின்றது. பிறகு எல்லாவற்றுக்கும் குறுக்கே வைக்கத் தொடங்கினான், மனிதப் பொம்மையின் வயிற்றுக்குக்கூட.

ஆனால் இந்தச் சிந்தனை அழகாகக் கூடிவரும் இடத்தில்தான் எனக்குப் பயம் தொடங்குகிறது. போன மே மாதம், அழகர்கோவில் சாலையில் நுங்கு விற்கும் ஒரு அக்காவிடம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நுங்கைச் சீவி எடுத்தபின் மிஞ்சிய கூந்தல்கள் சாக்கடை ஓரம் மலையாகக் கிடந்தன. என் மகன் அதில் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். அக்காவோடு அவளுடைய பையன் இருந்தான், இவனைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவன். அவன் ஒன்றும் சொல்லாமல் குவியலில் கைவிட்டு, அடிப்பக்கம் அதிகம் சீவாத இரண்டு கூந்தல்களைப் பொறுக்கினான். ஒரு சாண் நீளக் குச்சியின் இரண்டு முனையையும் கூராக்கி, நடுவில் குத்திக் கோர்த்தான். வேலியிலிருந்து கவட்டைக் குச்சி ஒன்றை ஒடித்துக் கொடுத்தான். நுங்கு வண்டி. வண்டி நேராகப் போகவில்லை, இடது பக்கமே திரும்பித் திரும்பி வட்டமடித்தது. என் மகன் தள்ளுவதில்தான் தப்பு என்று நினைத்துக் கையை மாற்றி மாற்றித் தள்ளினான். அந்தப் பையன் வண்டியைத் தூக்கி இரண்டு கூந்தலையும் பக்கம் பக்கமாகக் காட்டினான். இடது பக்கத்துக் கூந்தல் சின்னது. "சின்னது இருக்கற பக்கந்தான் இழுக்கும்" என்றான். ஒரே அச்சில் இரண்டு சக்கரம் சேர்ந்து சுற்றும்போது சின்னச் சக்கரம் குறைந்த தூரம்தான் போகும், வண்டி அந்தப் பக்கம் வளையும். அவனுக்கு இது யாரும் சொல்லித் தந்ததில்லை. அதே அளவில் வேறொன்றைத் தேடி எடுத்து மாட்டிக் கொடுத்துவிட்டு, அம்மா கூப்பிட்டதும் போய் அரிவாளை எடுத்து அடுத்த குலையைச் சீவத் தொடங்கினான். லாவகமாகச் சீவினான், நுங்கின் கண்ணில் படாமல் சுற்றி வரும் கை. அவனுக்கும் பள்ளிக்கூடம் லீவுதான்.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ, பிள்ளை உதவலாம். விடுமுறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எனக்கு நினைவுக்கு வருவது சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்து வீடுகள். ஒரு காலத்தில் அங்கே திண்ணை திண்ணையாகத் தீப்பெட்டி ஒட்டினார்கள். பசைத்தட்டைச் சுற்றிப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். குரோஸ் கணக்கில் கூலி, 144 பெட்டி ஒரு குரோஸ். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் குரோஸ் கூடும். அதுவும் பெரியவர்களின் வேலைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இருந்த இடம்தான், அங்கேயும் அட்டைத்துண்டும் பசையும் சிந்திக் கிடந்தன. அம்மாச்சியின் திண்ணையையும் அந்தத் திண்ணையையும் பிரிப்பது எது என்று நான் தெளிவாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நான் எழுதுவது வறுமையைப் புகழ்வதாக முடியும். எங்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அதுதான் வேறுபாடு. கொட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடலாம், பாதியில் விட்டுவிடலாம். மிச்சம் என்பது பிள்ளை விட்டுவிட்டுப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லாத பொருள். பெட்டியை எண்ணத் தொடங்கிய கணத்தில் அது மிச்சமாக இருப்பது நின்றுபோகிறது. நுங்குக்கார அக்காவின் பையன் இந்த எல்லையின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிறான். அவனுக்கு நான் என்ன பெயர் கொடுப்பது? என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த சில நிமிடங்கள் அவனுடைய விடுமுறை என்றும் மீதி நேரம் அவனுடைய வேலை என்றும் பிரித்துவிட முடியுமா? அவன் அம்மாவைக் குறைசொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. பிள்ளையைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு வந்தால் இன்னும் பெரிய கவலை. அவளும் மலிவாக விடுமுறையைக் கழிக்கும் வழியைத்தான் தேடியிருக்கிறாள்.

அம்மாச்சியின் திண்ணையிலேயே இன்னொரு கணக்கும் இருந்தது. சின்னவர்களான நாங்கள் கொட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா மகள் ஒருத்தி இடுப்பில் தன் தம்பியைச் சுமந்துகொண்டு நின்றிருப்பாள். அவளுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். ஐந்தாங்கல்லில் அவளை மிஞ்ச ஆளில்லை, ஒரு கல்லை மேலே போட்டுவிட்டுக் கீழே இருப்பதை அள்ளும் வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் தம்பி தூங்கும் நேரத்தில்தான் அவள் முறை வரும். அடுத்த வருடம் அவள் திண்ணைக்கே வரவில்லை, பெரியவளாகிவிட்டாள் என்று உள்ளே இருத்திவிட்டார்கள். எல்லாத் திண்ணையிலும் எல்லாப் பிள்ளைகளும் ஏற முடிந்த காலமும் இல்லை அது. தெருவை வைத்தே யார் யாரோடு விளையாடலாம் என்று முடிவு செய்த ஊர்கள் எங்களுடையவை. காசில்லாமல் விளையாடினோம் என்று சொல்லும்போது, அந்தக் காசை வேறு யாரோ வேறு விதத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது அக்காக்கள், அம்மாச்சிகள். இன்று அவர்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். திண்ணை காலியாக இருப்பதில் அப்படி ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. நான் அந்தத் திண்ணை திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படவில்லை. அதிலிருந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது என்பதுதான் என் தவிப்பு.

வெளியே கூட்டிப்போவதற்கு வழியில்லாமல் இல்லை. மதுரையில் இருப்பவர்களுக்குச் சித்திரைத் திருவிழாவே பாதி விடுமுறையைத் தின்றுவிடும், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்தில் நனைந்து திரும்புவதைவிடப் பிள்ளைக்கு என்ன வேண்டும்? கீழக்குயில்குடியில் சமணமலை இருக்கிறது. அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும், ஏறினால் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பிள்ளைக்கு அரை டிக்கெட் மட்டும். ஜன்னலோரம் உட்காரவைத்துக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவதையே ஒரு பயணமாக ஆக்கிக்கொண்ட அம்மாக்கள் எனக்குத் தெரியும். காந்தி மியூசியம், 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எல்லாவற்றுக்கும் போய்வரலாம், போகத்தான் வேண்டும். குளிரூட்டிய அறையில் ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே தரையில் உட்கார்ந்து படம் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இவையெல்லாம் பார்த்துவிட்டு வரும் இடங்கள். தினம் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் இருக்க ஓரிடம் வேண்டும். அங்கே மண் வேண்டும், இரண்டு மூன்று பொருள்கள் வேண்டும், யாராவது ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

எங்கள் வார்டில் அப்படி ஓரிடம் இருக்கிறது, அதுதான் என்னை விடாமல் உறுத்துகிறது. பள்ளிக்கூட மைதானம். பத்து மாதம் பிள்ளைகள் வரிசையாக நின்று போகும் இடம். அவர்களுக்கு நேரம் கிடைக்கும் மே மாதத்தில் கேட் பூட்டியிருக்கிறது. வேப்பமரம் நாலு இருக்கிறது, நிழல் யாருக்கும் இல்லாமல் விழுகிறது. சாயங்காலம் 4 மணி முதல் 6.30 வரை திறந்துவைக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதி, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போடுவதில் யாருக்கும் தயக்கமில்லை. சாவி யார் பொறுப்பு, பிள்ளைகளுக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்கும்போதுதான் பேச்சு நின்றது. முறை வைத்து ஒவ்வொருவராக வந்து உட்காரலாமே என்றேன். உட்கார்ந்து என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பத்துப் பேர் அங்கே இருந்து ஒரு பயனும் இல்லை. தெருமுனையில் தைக்கும் அண்ணனிடம் கையெழுத்துக்குப் போனபோது, அவர் மெஷினை நிறுத்திவிட்டு மனுவை முழுக்கப் படித்தார். இப்போதெல்லாம் அவருக்குப் பழைய உருப்படியைப் பிடித்துத் தைக்கிற வேலை மட்டும்தான். காலடியில் ஜீன்ஸ் கால் வெட்டிய வளையங்கள், ஜிப், நாடா, பல நிறத்தில் துண்டுகள் கிடந்தன. "மிதி மெஷின்தாம்மா, கரண்டு வேணாம். சாயங்காலம் அங்க கொண்டாந்து போட்டுக்கிறேன். தச்ச மாதிரியும் ஆச்சு, பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு" என்றார். துணி எடுத்து வருகிறவர்கள் அங்கே தேடி வருவார்களா என்று நான் கேட்டேன். வருகிறவர்கள் வருவார்கள் என்றார். மே மாதத்தில் அவருக்கு வருமானம் குறைந்தால் அதை யார் ஈடுகட்டுவது என்று நானும் பக்கத்து வீட்டு அக்காவும் பேசிக்கொண்டிருக்கிறோம், ஆளுக்கு வாரம் ஒரு தொகை போடலாம் என்பது அக்காவின் யோசனை. அண்ணனின் பெயர், தொழில், மெஷின் வைக்க வேப்பமரத்தடியில் ஆறடிக்கு நாலடி இடம் என்பதையெல்லாம் சேர்த்து மனுவைத் திருத்தி எழுதி மறுபடியும் கொடுத்திருக்கிறேன். மாநகராட்சி மண்டல அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை, அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.